லீஸ் முடிந்தால் வீடு போய்விடுமா? டர்பன் வாடகைதாரர் கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், அரசு உதவியோடு வாடகைக்குத் தரப்படும் சமூக வீட்டுவசதி ஃபிளாட்டுகளில் ஓராண்டு லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) இருப்பவர்கள் கேட்டவை. கேட்டவரின் பகுதிப் பெயர் முன்னால் இருக்கிறது. பதில் சொல்பவர், டர்பனில் வாடகைதாரர் உதவி மேசையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

பீனிக்ஸ் வாசகி: லீஸ் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதிதாகக் கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. காலி செய்யணுமா அண்ணா?

வேண்டாம்மா. 1999 வாடகை வீட்டுச் சட்டத்தின் 5(5) பிரிவைப் பாருங்கள். லீஸ் முடிந்த பிறகும் நீங்கள் குடியிருந்து, வீட்டு உரிமையாளரும் ஒப்புக்கொண்டு வாடகையை வாங்கிக்கொண்டால், அதே நிபந்தனைகளோடு அது மாதாந்தர லீஸாகத் தொடரும். முடித்துக்கொள்ள இரு தரப்பில் யாராக இருந்தாலும் ஒரு மாதமாவது முன்கூட்டி எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும்.

நோட்டீஸ் வந்தாலும் அன்றே சாமானைத் தெருவில் வைக்க முடியாது. அரசியலமைப்பின் 26(3) பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. வீட்டில் குழந்தைகள், முதியவர்கள், ஊனமுற்றவர்கள் இருக்கிறார்களா என்பதை 1998 வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி நீதிபதி பார்த்தாக வேண்டும். உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவதும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்துவதும் குற்றம்.

ஒன்று மட்டும்: வாடகையை நிறுத்திவிடாதீர்கள். ரசீதை எறிந்துவிடாதீர்கள்.

வெருலம்: டெபாசிட் எப்போது வரும்?

பாக்கி எதுவும் இல்லையென்றால் லீஸ் முடிந்த 7 நாளில், வட்டியோடு. பழுதுக்குப் பிடித்தம் இருந்தால், வீட்டைச் சரிசெய்து முடித்த 14 நாளில் மீதி. உரிமையாளரோடு சேர்ந்து வீட்டைப் பார்வையிட வரச் சொன்னால் கட்டாயம் போங்கள்.

ஓவர்போர்ட்: வாடகையை ஏற்றிப் புது லீஸ் நீட்டுகிறார்கள். கையெழுத்து போடாவிட்டால் வெளியே போ என்கிறார்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பிராம்ஃபான்டெய்னில் இதுதான் நடந்தது. பழைய குடித்தனக்காரர்களின் லீஸை முடித்துவிட்டு வாடகையை இரட்டிப்பாகவோ அதற்கு மேலாகவோ உயர்த்தப் பார்த்தார் உரிமையாளர். வாடகையை ஏற்றுவதற்காகவே லீஸை முடிப்பது நியாயமற்ற நடைமுறையா என்பதை வாடகை ட்ரிபியூனல் (வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) விசாரிக்கலாம் என்று 2012இல் மபாங்கோ வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது.

ஆகவே ட்ரிபியூனலில் புகார் கொடுங்கள். அன்றிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அல்லது மூன்று மாதம் முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை உங்களை வெளியேற்றக் கூடாது. ஏற்றுவதற்கு முந்தைய வாடகையைக் கட்டினால் போதும். ஆனால் கட்டியே ஆகவேண்டும்.

டோங்காட்: லீஸ் முடிந்தால் வெளியே போகணுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஷால்கிராஸ்: சமூக வீடு மாத வருமானம் 1,850 முதல் 22,000 ரேண்ட் வரை உள்ளவர்களுக்கு. சம்பளம் கூடியவர்கள் இடம் விட்டால்தானே காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும்? நிரந்தரமாக ஒட்டிக்கொள்வது சுயநலம் இல்லையா?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் இதே பேச்சோடுதான் 2011 சட்டம் வந்தது. அதுவரை ஆயுள் முழுக்க இருந்த கவுன்சில் (உள்ளாட்சி) வாடகை வீட்டை இத்தனை ஆண்டுக்கு என்று, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு, கொடுக்கலாம் என்றார்கள். 2016இல் புதுக் குடித்தனங்களுக்கு அதைக் கட்டாயமாக்கச் சட்டமும் போட்டார்கள். 2018இல் அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அரசே கைவிட்டது.

என் மேசைக்கு ஒரு அம்மா மகனின் சம்பளச் சீட்டை நாலாக மடித்துக் கொண்டுவந்தார். "ஓவர்டைம் வேண்டாம்னு சொல்லிடட்டுமா? லீஸ் புதுப்பிக்கிற மாசம்" என்றார். உங்கள் திட்டம் காலி வீட்டைத் தருமோ என்னவோ, இந்தக் கேள்வியை நிச்சயம் தரும்.

ஷால்கிராஸ் மறுபடியும்: ஒரு அம்மாவுக்காக ஆயிரம் பேர் வெளியே நிற்பதா?

அவர்கள் வெளியே நிற்பது போதிய வீடு கட்டாததால். சம்பளம் 23,000 ஆனவரை வெளியே அனுப்பினால் அதே பேட்டையில் தனியார் வாடகைக்கு அவர் எங்கே போவார்? பிள்ளை பள்ளி மாறணும், இரண்டு டாக்ஸி ஏறணும். நன்றாகச் சம்பாதிப்பவரிடம் வாடகையைக் கூட்டி வாங்கலாம் என்று நீங்கள் சொன்னால் உட்கார்ந்து பேசத் தயார்.

பேவியூ: ஆயா பேரில் உள்ள பழைய கவுன்சில் ஃபிளாட்...

அது வேறு விஷயம். நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஐசிபிங்கோ: நானே லீஸ் முடியும் முன் கிளம்பணும்.

2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலைநாள் நோட்டீஸ், எழுத்தில். உரிமையாளர் நியாயமான அளவு அபராதம் கேட்கலாம்.

ஓவர்போர்ட்: ட்ரிபியூனலுக்கு வக்கீல் வேண்டுமா? செலவு?

வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. லீஸ், ரசீதுகள், நோட்டீஸ், அடையாள அட்டை நகல் எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் மிரட்டியிருந்தால் தேதி தெரியும்படி அச்செடுத்துக்கொள்ளுங்கள்.