பதிவு செய்த கச்சேரிக்கு டிக்கெட்டா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2023 நவம்பரில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் 'எராஸ் டூர்' கச்சேரிப் படத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாப்கார்னோடு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எப்போதோ முடிந்துபோன கச்சேரியின் பதிவு அது. அதற்குப் பிள்ளைகள் எழுந்து ஆடுகிறார்கள், திரையைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். பாடுகிறவருக்கா கேட்கப்போகிறது? இப்போது வேறொரு குழுவின் கச்சேரிப் படத்துக்குக் கூப்பிடுகிறாள். ரசிகர்களிடம் காசு பிடுங்குகிற வேலையாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அபிப்பிராயம் என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

கைதட்டலை முதலில் தீர்த்துவிடுவோம். தலைவர் படத்தின் முதல் காட்சிக்குத் திரை முன்னால் கற்பூரம் காட்டுகிற ஊர் நம்முடையது. அவர் காதில் விழும் என்றா விசிலடிக்கிறோம்? பக்கத்து சீட்காரனுக்குக் கேட்டால் போதும். உங்கள் மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஸ்விஃப்டின் அந்த 'எராஸ்' சுற்றுப்பயணம் இந்தியாவுக்கு வரவேயில்லை. நமக்குப் பக்கம் என்றால் சிங்கப்பூர், 2024 மார்ச்சில் ஆறு இரவுகள். விமானம், விசா, அறை வாடகை என்று கூட்டிப் பார்த்தால் உங்கள் ஆயிரம் ரூபாய் ஒன்றுமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். விருந்துக்குப் போக முடியாதவனுக்கு இலையின் போட்டோவை விற்றுவிட்டு, 'பஸ் காசு மிச்சம்தானே' என்கிற மாதிரி இருக்கிறது. போட்டோவுக்கு என்ன விலை என்றுதான் கேட்க வேண்டும்.

அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். நேரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகிற கச்சேரி, தியேட்டரில் அதற்குள் முடிந்துவிட்டது. சில பாட்டுகளை வெட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு டிக்கெட் 19.89 டாலர்; ஸ்விஃப்ட் பிறந்தது 1989. (வியாபாரத்திலும் கெட்டிக்காரர்தான்.) அடுத்து டிசம்பர் 13, அவர் பிறந்தநாளன்று, வீட்டில் வாடகைக்குப் பார்க்கிற பதிப்பு வந்தது. வெட்டியதில் மூன்று பாட்டு அதில் திரும்பி வந்தன. வாடகையும் அதே 19.89. 2024 மார்ச்சில் டிஸ்னி பிளஸில் வந்தபோது இன்னும் சில பாட்டுகள் சேர்ந்துகொண்டன. ஆக, முதல் நாளே ஓடிப்போய் வரிசையில் நின்ற ரசிகருக்குத்தான் இருப்பதிலேயே குட்டையான பதிப்பு. பிடுங்கல் என்று சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

பதிவு என்பதே குற்றமில்லை, பதிவு என்று சொல்லி விற்றால். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆபெரா என்கிற இசை நாடக நிறுவனம் 2006 கடைசியிலிருந்து தன் மேடையைத் தியேட்டர்களுக்கு நேரடியாக அனுப்புகிறது. பாடிவிட்டு இறங்கியவரை இடைவேளையில் நிறுத்திப் பேட்டி எடுப்பார்கள். மூச்சு இன்னும் அடங்கியிருக்காது. தொண்டை தட்டினால் உலகமே பார்க்கத் தட்டும். அந்த அபாயத்துக்கும் சேர்த்துத்தான் அந்த டிக்கெட். பிறகு பதிவைப் போடும்போது 'என்கோர்' (மறுபடியும்) என்றே பெயர் வைத்து விற்கிறார்கள். போஸ்டரிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது.

பதிவு எதை இழக்கிறது என்பதற்கு 'எராஸ்' கச்சேரியே உதாரணம். ஒவ்வோர் இரவும் பட்டியலில் இல்லாத இரண்டு பாட்டை அவர் தனியாகக் கிடாரோ பியானோவோ வைத்துப் பாடுவார். இன்றைக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. நம் சபாக்களில் கடைசியில் சின்னப் பாட்டுகள் பாடுகிற துக்கடா நேரத்தில், இந்தப் பாட்டு வேண்டும் என்று மேடைக்குச் சீட்டு போகுமே, அந்தப் பரபரப்பு. படத்தில் அது எல்லாத் தியேட்டரிலும் எல்லாக் காட்சியிலும் அதே இரண்டு பாட்டு.

ஆனால் கிடைப்பதும் உண்டு. 2020 மார்கழியில் சபாக்கள் மூடிக் கிடந்தபோது, காலி அரங்கில் பதிவு செய்த கச்சேரிகளைக் காசு கட்டி வீட்டில் பார்த்தேன். தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஒன்றில் கேமரா கடம் வாசிப்பவரின் மேல் அப்படியே நின்றது. பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அவர் நாதத்தைக் கனமாக்குவதை, இருபத்தைந்து வருடம் பின்வரிசையில் உட்கார்ந்தவன் அன்றுதான் பார்த்தேன். கோர்வை என்கிற முத்தாய்ப்பை வைத்து முடித்ததும் கைதட்ட ஆளில்லை. பாடகர் தொடையைத் தட்டி 'பலே' என்றார். அது கொஞ்சம் அனாதையாகக் கேட்டது. கொடுத்த காசுக்கு அந்த வயிறும் பானையும் போதும் என்று பட்டது.

ஸ்டேடியத்தில் எழுபதாயிரம் பேர் என்றால் முக்கால்வாசிப் பேருக்குப் பாடகி கட்டைவிரல் அளவு. அவர்களும் பெரிய திரையைத்தான் பார்க்கிறார்கள். அதனால் மகளைக் கூட்டிப் போங்கள். டிக்கெட் எடுக்கும் முன் நேரடியா பதிவா என்று பாருங்கள், அசல் கச்சேரி எத்தனை மணி நேரம், படம் எத்தனை மணி நேரம் என்றும் பாருங்கள். படம் அசலில் பாதிகூட இல்லையென்றால் ஓடிடிக்கு வரட்டும் என்று சொல்லிவிடலாம். அவள் கேட்பாளா என்பது வேறு விஷயம்.

சத்தத்துக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. நான் 'எராஸ்' பார்த்த தியேட்டரில் டிவி அளவுக்குத்தான் வைத்திருந்தார்கள். வெளியே போய்ச் சொன்னேன். "எல்லாப் படத்துக்கும் இதான் சார்" என்றார் அங்கிருந்தவர். திரும்பி வந்தால் பின்வரிசையில் ஏழெட்டுப் பெண்கள் வரிக்கு வரி கூடவே பாடிக்கொண்டிருந்தார்கள். பாடகியின் குரலே கேட்கவில்லை. திரும்பி முறைத்தேன். இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.