ஒருநாள் பயிற்சியும் டூட்டி சார்ட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

120 பேர் வேலைபார்க்கும் ஒரு ரிசார்ட்டில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எல்லாத் தரப்பினரும் மதிப்போடு வேலைசெய்யும் இடமாக எங்கள் விடுதியை மாற்றவேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்து, பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. ஒருநாள் பயிற்சி வகுப்பு ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். அதில் என்னென்ன தலைப்புகள் இருக்கவேண்டும்? சுவரொட்டிகளும் தயாராகின்றன. பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் எங்களிடம் சேர்கிறார்கள், ஓராண்டுகூட நிற்பதில்லை. விருந்தினர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கமும் மேலதிகாரிகளுக்கு இருக்கிறது. வழிகாட்டுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடிதத்தில் பெரும்பகுதியைப் பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். ‘ஓராண்டுகூட நிற்பதில்லை’ என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு விருந்தினரின் முகச்சுளிப்புக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணில் நிற்கிறது. இந்தத் தொழிலின் வேலைநேரத்தைப் பற்றிக் கொஞ்சநாளாகவே யோசித்துக்கொண்டிருப்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

சுற்றுலாத் தொழிலுக்குப் பெண்கள் வராமல் இல்லை. ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி இத்துறையில் வேலைசெய்பவர்களில் 54 சதவீதம் பெண்கள்; மொத்தப் பொருளாதாரத்தில் அது 39 சதவீதம்தான். அவர்கள் சம்பளம் ஆண்களுடையதைவிட 14.7 சதவீதம் குறைவு என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. வந்தவர்கள் எங்கே தேங்குகிறார்கள், ஏன் கிளம்பிவிடுகிறார்கள் என்று பார்க்க வகுப்பறை எதற்கு? அறைகளைச் சுத்தம்செய்யும் ஹவுஸ்கீப்பிங் பிரிவின் அலுவலகச் சுவரில், யாருக்கு எப்போது வேலை என்று ஒட்டியிருக்கும் டூட்டி சார்ட் போதும்.

அதை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். படித்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடந்த எட்டு வாரத்துச் சார்ட்டுகளை மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஐந்து எண்களை எழுதுங்கள். இரவுப்பணி எத்தனை, வாரக்கடைசி விடுமுறை எத்தனை, ஒரே நாளில் இரண்டு துண்டாக வேலைசெய்யும் பிரேக் ஷிஃப்ட் எத்தனை, முதல்நாள் மாலைக்குமேல் மாற்றப்பட்டது எத்தனை தடவை, இரவு பதினொன்றுக்கு முடித்துவிட்டுக் காலை ஆறுக்கே திரும்ப வந்தது எத்தனை தடவை. பிறகு ஆண், பெண், ஒப்பந்த ஆட்கள், கைக்குழந்தைக்காரர்கள், சூப்பர்வைசரின் மொழி பேசுபவர்கள் என்று பிரித்துக் கூட்டிப்பாருங்கள். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. கிடைக்கிற கணக்கை எந்தப் பயிற்சியாளரும் உங்களுக்குத் தரமாட்டார்.

பிரேக் ஷிஃப்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஏழு முதல் பதினொன்று. ஏட்டில் எட்டு மணிநேரம், வாழ்க்கையில் பதினாறு மணிநேரம். வளாகத்துக்குள்ளேயே தங்கியிருக்கும் இளைஞனுக்கு நடுவில் கிடைப்பது தூக்கம். வீட்டில் குழந்தையோ படுக்கையில் பெரியவரோ இருப்பவருக்கு ஒரே நாளில் நான்கு பயணம். செயற்கைக்கால் போட்டு நடப்பவருக்கும் அதே நான்கு பயணம். இருவரும் மூன்றாம் மாதம் ராஜினாமாக் கடிதம் தருவார்கள், அதில் ‘சொந்தக் காரணம்’ என்று இருக்கும், நீங்கள் அதைக் கோப்பில் வைப்பீர்கள்.

இதெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் என்றே 1991-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 172. குடும்பத்தையும் சொந்த வாழ்க்கையையும் திட்டமிட்டுக்கொள்ளும்படி வேலைநேரத்தை முடிந்தவரை போதிய அவகாசத்தோடு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று அதில் இருக்கிறது. கூடவே வந்த 179-ஆம் பரிந்துரை, பிரேக் ஷிஃப்டைப் படிப்படியாக ஒழிக்கச் சொல்கிறது. வாரத்தில் 36 மணிநேர ஓய்வு வேண்டும் என்கிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நீங்கள் சுவரொட்டி அடிக்கிறீர்கள்.

சரி, திட்டியது போதும். செய்யவேண்டியதைச் சொல்கிறேன். சார்ட்டை 14 நாள் முன்னதாக ஒட்டுங்கள். முதல் மாதமே இது கெட்டுப்போகும். ஒரு குழு வருகையை ரத்துசெய்யும், இன்னொன்று திடீரென்று வரும், சூப்பர்வைசர் இரவு பத்துமணிக்கு வாட்ஸப்பில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். யார் மறுபேச்சு பேசமாட்டாரோ அவருடைய வீக் ஆஃப்தான் பறிபோகும். அதனால் எதிர்பார்க்கும் விருந்தினர் கூட்டத்தில் எண்பது சதவீதத்துக்கு வேண்டிய ஆட்களை மட்டும் நிலையாகப் போடுங்கள். மீதிக்குத் தயார்நிலைப் பட்டியல் ஒன்று வையுங்கள். அது சுழற்சியில் எல்லோருக்கும் வரவேண்டும், கூப்பிடாவிட்டாலும் அந்த நாளுக்கு ஒரு தொகை தரவேண்டும். ஒட்டியபின் மாற்றினால், மாற்றியவர் பெயரும் காரணமும் அதே தாளில் எழுதப்படவேண்டும். இந்த ஒன்றே பாதி மாற்றங்களை நிறுத்திவிடும். ஒரே கிரேடில் இருக்கும் இருவர் தங்களுக்குள் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டால் காரணம் கேட்காதீர்கள். நோன்போ, மருத்துவமோ, மாதவிலக்கோ, அது அவர்கள் பாடு.

இரவுப்பணியில் இன்னொரு கோளாறு, நல்லெண்ணத்தோடு செய்வது. ‘பெண்களுக்குப் பாதுகாப்பில்லை’ என்று வரவேற்பு மேசையான ஃப்ரண்ட் ஆபீஸில் இருக்கும் பெண்களுக்கு நைட் போடமாட்டீர்கள். நைட் ஆடிட்டில்தான் அன்றைய நாளின் கணக்கு மூடப்படுகிறது. அறை வாடகையும் வரியும் ஒவ்வொரு பில்லிலும் ஏற்றுவது, கார்டு வரவைச் சரிபார்ப்பது, வராமல்போன முன்பதிவுகளைத் தீர்ப்பது, காலைக்கான அறிக்கை எடுப்பது எல்லாம் அப்போதுதான். அதைத் தெரியாதவரை டியூட்டி மேனேஜராக்க மாட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து ‘தகுதியான பெண் கிடைக்கவில்லை’ என்பார்கள். வீட்டு வாசல்வரை வண்டி, இரவில் இரண்டுபேர், பூட்டுப்போடக்கூடிய ஓய்வறை ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, விருப்பப்பட்டவருக்கு நைட் போடுங்கள்.

ஹவுஸ்கீப்பிங்கில் அறைகளை எண்ணிக்கையால் பிரிக்காதீர்கள். தங்கியிருப்பவரின் அறையும், காலிசெய்துவிட்டுப் போனவரின் செக்-அவுட் அறையும் ஒன்றா? செக்-அவுட்டில் விரிப்பு முழுக்க மாற்றி, குளியலறையை அடியிலிருந்து தேய்த்து, கட்டிலுக்கடியில் குனிந்து பார்க்கவேண்டும். எண்ணிக்கையால் பிரித்தால், ஊமைபோல இருப்பவர் தலையில் அத்தனை செக்-அவுட்டும் விழும். புள்ளிக் கணக்கு வையுங்கள்: தங்கல் ஒன்று, செக்-அவுட் ஒன்றரை, வரவேற்பறையோடு கூடிய பெரிய சூட் (suite) இரண்டு என்பதுபோல. உங்கள் அறைகளில் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு எண்ணை முடிவுசெய்யுங்கள். கர்ப்பிணிகளுக்குக் குறைந்த புள்ளி, மெத்தை தூக்கும் வேலை இல்லை, அமிலக் கிளீனர் இல்லை, சம்பளம் அதே.

காது கேளாதவர் ஒருவரை வேலைக்கு எடுத்ததாகச் சொல்லவில்லை, எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவருக்கு வாக்கிடாக்கியில் கூப்பிட்டுவிட்டு ‘பதிலே இல்லை’ என்று எழுதி வைப்பார்கள். எல்லோருக்குமே செய்தியை எழுத்தில், அதிர்கிற கருவியில் அனுப்புங்கள். தீ அபாய மணியோடு மின்னும் விளக்கு விருந்தினர் அறையில் இருந்தாலும், விரிப்பும் துண்டும் வைக்கும் லினன் அறையிலும் ஊழியர் கழிப்பறையிலும் பெரும்பாலும் இருக்காது. அவர் தனியாக இருக்கும் இடங்கள் அவைதான். போய்ப் பாருங்கள், நாளைக்கே.

விருந்தினர் முகம் சுளிப்பார் என்ற பயத்தை நான் பொருட்படுத்தப்போவதில்லை. சுளிப்பவர் சுளித்துவிட்டுச் சாப்பிடுவார். விருந்தினர் ஊழியர்மேல் கைவைத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தால் அது கேள்வி. வேலையிடத்து வன்முறையையும் தொல்லையையும் பற்றி அதே தொழிலாளர் அமைப்பு 2019-ல் கொண்டுவந்த 190-ஆம் உடன்படிக்கையின் துணைப் பரிந்துரை, அபாயக் கணக்கில் வாடிக்கையாளரையும் சேர்க்கச் சொல்கிறது. ஆபத்து அதிகமுள்ள தொழில்களில் விருந்தோம்பலையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. அனுமதி கேட்காமல் அறையைவிட்டு வெளியேறும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். உதவிக்கு அழைக்க ஊழியர் அழுத்தும் அபாயப் பொத்தான் அடித்தளத்திலும் லிஃப்ட் பக்கத்திலும் வேலைசெய்கிறதா என்று வாராவாரம் சோதியுங்கள். வழக்கமாக நடப்பது, புகார் சொன்ன பெண்ணை வேறு மாடிக்கு மாற்றிவிட்டுக் கோப்பை மூடுவது. அவருக்கு டிப்ஸ் போகும், பெயரும் போகும். நகர்த்தவேண்டியது விருந்தினரை.

பயிற்சி நாளை ரத்துசெய்யச் சொன்னால் உங்கள் நிர்வாகம் கேட்காது, தெரியும். சூப்பர்வைசர்களை மட்டும் கூப்பிடுங்கள். காலையில் அந்த எட்டு வாரத்துச் சார்ட்டுகளை அவர்களே எண்ணட்டும். மதியம் அடுத்த இரண்டு வாரத்துக்கானதை அவர்களே எழுதட்டும், ஒப்பந்த ஆட்களின் பெயரையும் அதே தாளில் சேர்த்து. பாத்திரம் கழுவும் பிரிவின் சூப்பர்வைசரை மறக்காமல் அழையுங்கள். அவரை எப்போதும் விட்டுவிடுவார்கள்.

அன்புடன்