வைக்கோல், சிலந்தி, அறக்கொட்டி: வயல் கேள்விகளுக்குப் பதில்

மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிறேன், ஏழு பெரும்போகமாக (மாரிமழைக் கால நெற்செய்கை) வைக்கோல் எரிக்கவில்லை. மண்ணை மீட்கிற விவசாயம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

வெல்லாவெளியிலிருந்து: அண்ணே, வைக்கோலையும் சாணியையும் மண்ணில் விட்டால் பூச்சி கூடாதா?

கூடும் தம்பி, கூடத்தான் வேணும். உக்குகிற வைக்கோலில் முதலில் பெருகுவது நெல்லைத் தொடாத சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகள். அவற்றைத் தின்று சிலந்தியும் தும்பியும் வயலுக்குள் குடியேறும். மறுகா நெற்பயிரின் சாற்றை உறிஞ்சுகிற அறக்கொட்டி வந்து இறங்கும்போது அதைத் தின்ன ஆள் தயாராக இருக்கும். எரித்த வயலில் அந்த முதல் சாப்பாடு குறைவு, அதனால் சிலந்தி பிந்தித்தான் வரும், அதற்குள் அறக்கொட்டி முந்திவிடும்.

விதைத்து 25ஆம் நாள் விடிய வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். பயிரை அடியில் பிடித்துச் சாய்த்து உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். தண்ணீரில் விழுந்து துள்ளுகிற சின்னக் கபில நிறப் பூச்சிதான் அறக்கொட்டி. முதுகில் கவட்டை மாதிரிக் கோட்டோடு தண்ணீர் மேலேயே ஓடுவது ஓநாய்ச்சிலந்தி, சிலது பின்பக்கம் வெள்ளை முட்டைப்பையையும் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். அதனால்தான் சொல்கிறேன், முதல் 40 நாளைக்குப் பூச்சிமருந்து வேண்டாம். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் ஒருவர் சொன்னாரென்று 20ஆம் நாளே அடித்தேன், சிலந்தி முழுக்கச் செத்தது, கதிர் வாற நேரம் அறக்கொட்டி பெருகி வயல் வட்டம் வட்டமாகக் கருகியது.

சம்மாந்துறையிலிருந்து: மெசின் வெட்டினால் வைக்கோல் வரிசையாகக் கிடக்கிறது, எரிக்காமல் எப்படி உழுவது?

முதலில் பரப்பிவிடுங்கள், தண்ணீர் கட்டி, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்னே புரட்டுங்கள். பிந்திப் புரட்டினால் உக்குகிற வைக்கோல் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்து இளம்பயிர் மஞ்சளாகும். போன போகம் நோய் கடுமையாக இருந்த வயலென்றால் வைக்கோலை வெளியே எடுத்துக் குவித்து உக்கவிடுங்கள். ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்து இருக்கிறது, எரித்தால் அதில் பெரும்பங்கு புகையாகப் போய்விடும்.

நிந்தவூரிலிருந்து: 2021இல் இதைச் சொல்லித்தானே எங்களை நடுத்தெருவில் விட்டார்கள்? திரும்பவுமா?

உங்கள் கோபம் நியாயம், நானும் அந்தப் பெரும்போகம் பட்டவன்தான். ஆனால் அன்று நடந்தது வேறு. மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது, நவம்பரில் தடையை எடுத்தார்கள். மண்ணைத் தயார் செய்ய ஒரு போகம்கூடத் தரவில்லை. நான் இன்றைக்கும் யூரியா போடுகிறேன், அளவோடு, பிரித்துப் போடுகிறேன். அளவுக்கு மிஞ்சினால் அறக்கொட்டி கொழுக்கும்.

அவரே திரும்ப: அப்போ மருந்தை மட்டும் விட்டால் விளைச்சல் விழாதா?

இந்தோனேசியாவைப் பாருங்கள். அறக்கொட்டி நாட்டையே ஆட்டியபோது, 1986இல் நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளைத் தடை செய்தார்கள். உரத்தை நிறுத்தவில்லை. பிறகு விவசாயிகளை வயலிலேயே கூட்டி, எது நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி என்று பார்க்கப் பழக்கினார்கள். அவர்கள் நெல் விளைச்சல் அதனால் சரிந்துவிடவில்லை. எங்களுக்கும் அந்தப் பழக்கம்தான் முதலில் வேணும். ஒரேயடியாக மாறவும் வேண்டாம், கால் ஏக்கரில் தொடங்குங்கள்.

திருக்கோவிலிலிருந்து: யானை வராமலிருக்க வழி?

அது என் வேலையில்லை, வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: எலிக்கு?

வயலுக்குள் ஆந்தை இருக்க உயரமான தடி நடுங்கள். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள்.

கரடியனாற்றிலிருந்து: கொஞ்சமாக எரித்தால் பரவாயில்லையா?

மேலே இரண்டு தரம் சொல்லியாயிற்று. வேண்டாம்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: வரம்புப் புல்லுக்குக் களைமருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள், கத்தியால் வெட்டுங்கள், அதையும் ஒரே நாளில் முழு வரம்பும் வெட்டாமல் பாதி பாதியாக. அறுவடை முடிந்து வயல் காயும்போது சிலந்தி ஒதுங்குகிற இடம் அந்த வரம்புதான். இடம் இருந்தால் எள்ளு தூவுங்கள். பூச்சி முட்டைக்குள் முட்டையிடுகிற சின்னக் குளவிகளுக்கு எள்ளுப்பூத் தேன் சாப்பாடு. என் வரம்பில் இப்போது எள்ளு பூத்திருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் விடிய ஏழு மணிக்கு முன் வாருங்கள்.