ஐந்து நாளில் ராஜஸ்தான்: எந்த ஊரை விடுவது?

"ஐந்து நாள் லீவு, அம்மா அப்பாவும் வருகிறார்கள். ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜோத்பூர், ஜெய்சல்மேர், பிகானேர் எல்லாம் பார்த்துவிட்டுப் பாலைவனத்தில் ஒரு ராத்திரி தங்கவும் முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஐந்து ஊர் ஹோட்டல்களின் வாசலையும் நன்றாகப் பார்க்கலாம்.

தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஏறத்தாழ 285 கி.மீ., அங்கிருந்து பிகானேர் 330, உதய்ப்பூரிலிருந்து ஜோத்பூர் 250. ஜெய்ப்பூரில் தொடங்கி ஐந்து ஊரையும் சுற்றித் திரும்பினால் 1,500 கி.மீ.க்குக் குறையாது. தினமும் ஐந்தாறு மணி நேரம் காரில் போய்விடும். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும் அறைச் சாவிக்குக் காத்திருப்பதும் இந்தக் கணக்கில் வராது.

உங்கள் பட்டியலை யார் போட்டார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் இதே பட்டியலைப் போட்டவர் என் அண்ணன். எக்செல்லில், ஊருக்கு ஒரு நிறம் கொடுத்து, "மெஹ்ரான்கர் கோட்டை 10.00 முதல் 11.15 வரை" என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு மூட்டு வலி. அந்த வலிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. நான் மூன்று ஊர்களை அடித்துவிட்டு, ஜோத்பூரும் ஜெய்சல்மேரும் போதும் என்றேன். பெரிய ரகளை. "இவ்வளவு தூரம் போயிட்டு உதய்ப்பூர் பார்க்காம வந்தா ஊர்ல கேக்க மாட்டாங்களா?" என்றார் அண்ணன். "கேட்டா பார்த்தோம்னு சொல்லிடுப்பா" என்றார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது.

உடனே கமென்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம். ஜெய்ப்பூரை நான் மட்டம் தட்டவில்லை. 1727-இல் திட்டம் போட்டுக் கட்டிய நகரம், ஜந்தர் மந்தர் வானியல் கூடத்தில் 27 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் சூரிய கடிகாரம், ஆமேர் கோட்டை, எல்லாம் தெரியும். அதெல்லாம் தெரிந்ததால்தான் சொல்கிறேன், அரை நாளில் அதைப் பார்ப்பது அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை.

மெஹ்ரான்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னர் ராவ் ஜோதா 1459-இல் தொடங்கிய கோட்டை, ஜோத்பூர் நகரத்துக்கு மேலே 120 மீட்டர் உயரப் பாறையில் நிற்கிறது. ஏறும் பாதை ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் சட்டென்று வளைகிறது. யானை ஓடி வந்து கதவை முட்டுவதற்கு வேகம் கிடைக்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஒரு வாசல் சுவரில் 1808-இல் ஜெய்ப்பூர்ப் படை சுட்ட பீரங்கிக் குண்டுகளின் பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. லோஹா போல் என்ற கடைசி வாசலுக்கு இடப்பக்கம், 1843-இல் மகாராஜா மான் சிங்கின் சிதையில் ஏறிய ராணிகளின் கைத்தடங்கள். வரிசையாக, குங்குமம் பூசி, மாலை போட்டு வைத்திருந்தார்கள். சின்னச் சின்னக் கைகள். அம்மா அந்தச் சுவர் முன்னாலேயே நின்றுவிட்டார். ஒன்றும் பேசவில்லை. பின்னால் வந்த ஒரு கூட்டத்தின் கைடு அதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு "சலோ, சலோ" என்று அவர்களைத் தள்ளிக்கொண்டு போனார். அண்ணனின் தாள்படி நாங்களும் அந்நேரம் போயிருக்க வேண்டும்.

உங்களுக்கும் பெரியவர்கள் கூட வருகிறார்கள் என்பதால் ஒன்று: கோட்டையில் தனிக் கட்டணத்துக்கு லிப்ட் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். லிப்டில் மேலே ஏறிவிட்டு, இறங்கும்போது நடந்து வந்தால் சரிவு மூட்டுக்கு அவ்வளவு தொந்தரவு தராது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், இறக்கம்தான் மோசம்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இரவு ரயில் உண்டு. ஒரு ராத்திரி ஹோட்டல் மிச்சம், பகலும் மிச்சம். ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது, இதைக் கொட்டாமல் மேலே போக முடியாது. அம்மாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்து வாங்கிய லோயர் பெர்த்தில் நாங்கள் ஏறும்போதே ஒரு இளைஞர் போர்வையை விரித்துப் படுத்திருந்தார். எழுப்பினால், தன் மனைவிக்கு மேலே ஏறப் பயமாம், "ஆன்ட்டிஜி, கொஞ்சம் அட்ஜஸ்ட்" என்கிறார். மனைவிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியாயிற்று. கடைசியில் டிக்கெட் பரிசோதகர் வந்துதான் இடம் கிடைத்தது. அதற்குள் அந்தப் பெட்டி முழுக்க எங்களைத்தான் இரக்கமில்லாதவர்கள் போலப் பார்த்தது. இந்த நாட்டில் "அட்ஜஸ்ட்" என்பது எப்போதும் வாய் பேசாதவர் செய்ய வேண்டியதாகவே ஏன் இருக்கிறது? சரி, விடுங்கள்.

ஜெய்சல்மேர்க் கோட்டை 1156-இல் எழுந்தது. அதற்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். மாடு குறுக்கே வரும், மாடியில் துணி காயும். உள்ளேயே தங்கும் விடுதிகளும் இருக்கின்றன, ஆனால் வெளியே தங்குங்கள் என்பதுதான் என் கட்சி. மழை அரிதான ஊருக்குக் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீர் வந்து, அது கழிவாகக் கசிந்து, அடியில் இருக்கும் மண்ணை இளக்கிச் சுவர்களைப் பலவீனமாக்கியிருக்கிறது. நாம் ஒருவர் வெளியே குளித்தால் கோட்டை பிழைத்துவிடுமா என்று கேட்பீர்கள். பிழைக்காதுதான், இருந்தாலும். உள்ளே இருக்கும் சமணக் கோயில்களுக்குக் காலையிலேயே போங்கள், தோல் பெல்ட்டும் பர்ஸும் வேண்டாம்.

பாலைவனம் என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடு என்று நினைத்துப் போகாதீர்கள். தார் பாலைவனத்தில் பெரும்பகுதி புதர்க்காடு. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும், சாலையோர எருக்கும் அங்கேயும் இருக்கும். மணல்மேட்டுக்கு ஜெய்சல்மேரிலிருந்து 40 கி.மீ. தள்ளி சம் என்ற இடத்துக்குப் போகிறார்கள், இல்லையென்றால் தென்மேற்கே குரி என்ற ஊருக்கு. சம்மில் சாயங்காலம் ஜீப், ஒட்டகம், கலர் விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே இடத்தில். அது பிடித்தவர்கள் போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்து, குரி பக்கம் சின்ன இடமாகப் பார்த்தோம். பதிவு செய்யும்போது கேட்ட கேள்விகள் இரண்டுதான்: ஸ்பீக்கர் உண்டா, ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை) எத்தனை தருவீர்கள்? டிசம்பர், ஜனவரி ராத்திரியில் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே போகும். விடிகாலையில் வெறுங்காலை மணலில் வைத்தால் ஐஸ். வண்டு ஒன்று நடந்து போன தடம், தையல் போட்டதுபோல மேடு முழுக்க ஓடியிருந்தது. வெயில் ஏறிக் காற்று எழுந்ததும் அது அழிந்துவிட்டது. சாயங்காலம் வந்து செல்ஃபி எடுத்துவிட்டு இரவே திரும்புகிறவர்களுக்கு இது கிடைக்காது.

ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், முக்கியமாக அப்பாவிடம். அண்ணனிடம் சொன்னோம், கேட்கவில்லை.

உங்கள் ஐந்து நாளுக்கு நான் சொல்வது: ஜோத்பூருக்கு விமானத்தில் போய் இறங்குங்கள். வந்த அன்று மாலை தூர்ஜி கா ஜால்ரா படிக்கிணறும் மணிக்கூண்டுச் சந்தையும் போதும். மறுநாள் காலை முழுக்க மெஹ்ரான்கர், அப்புறம் பக்கத்திலேயே ஜஸ்வந்த் தடா என்ற பளிங்கு நினைவு மண்டபம், இரவு ரயில். ஜெய்சல்மேரில் கோட்டைக்கும் ஹவேலிகள் என்ற பழைய மாளிகைகளுக்கும் ஒரு நாள், நான்காம் நாள் மதியம் மணல், ஐந்தாம் நாள் திரும்பல். எல்லைப் பக்கம் இருக்கும் தனோட், லோங்கேவாலா என்று யாராவது ஆசை காட்டினால் அது ஒரு முழு நாளைத் தின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஜெய்ப்பூரை விடவே மனசில்லையா? அப்படியானால் ஜெய்சல்மேரை விடுங்கள். ஜெய்ப்பூரில் இறங்கி ஜோத்பூரில் விமானம் ஏறுங்கள், வந்த வழியே திரும்பாதீர்கள். ஜோத்பூரிலிருந்து 65 கி.மீ.யில் ஓசியான் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டிலிருந்து எழுந்த கோயில்களும் உண்டு, ஊருக்கு வெளியே மணல்மேடும் உண்டு. உங்கள் பாலைவன ராத்திரியை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. மே, ஜூன் என்றால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு லீவை நவம்பருக்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். டிசம்பர் கடைசி வாரம் என்றால் ரயில் டிக்கெட்டை இன்றைக்கே போடுங்கள், பெரியவர்கள் இருவருக்கும் லோயர் பெர்த் கேட்டு.