சீன மொழி பேசும் புற்றுநோயாளிகளுக்கான வாழ்க்கைத்தர வினாத்தாள்: கேள்வி பதில்

கேள்வி (மொழிபெயர்ப்பு மாணவி): நோயாளியின் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்கும் இந்த வினாத்தாளை ஆங்கிலமும் சீனமும் நன்கறிந்த ஒருவர் மொழிபெயர்த்தால் போதாதா?

பதில்: போதாது. 1993இல் வெளியான இரண்டு வினாத்தாள்களே இன்றும் பெரிதும் பயன்படுகின்றன. ஒன்று ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பான ஈஓஆர்டிசியின் முப்பது கேள்விகள் கொண்ட கியூஎல்கியூ-சி30 (சுருக்கமாக சி30). மற்றொன்று அமெரிக்காவில் டேவிட் செல்லா குழுவினர் உருவாக்கிய ஃபேக்ட்-ஜி. ஈஓஆர்டிசி முறைப்படி இருவர் தனித்தனியே மொழிபெயர்ப்பார்கள். இரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக்கி, மூலத்தைப் பார்க்காதவர்களைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவார்கள். அதன்பின் பத்து முதல் பதினைந்து நோயாளிகளிடம் கொடுத்து, எந்தக் கேள்வி புரியவில்லை, எது மனத்தைப் புண்படுத்துகிறது, அதையே நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று விசாரிப்பார்கள். என் கருத்தில் இந்தக் கடைசிப் படிதான் உயிர்நாடி. ஏனெனில் தவறான சொல்லும் ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது சரியானதாகவே தோற்றமளிக்கலாம்.

கேள்வி: அப்படி ஒரு சொல்லைக் காட்ட முடியுமா?

பதில்: 'மனச்சோர்வாக இருந்தீர்களா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். அகராதியைப் பார்ப்பவர் 'யீயூ' என்று எழுதுவார். அது மறுமொழிபெயர்ப்பில் பிழையின்றித் திரும்பிவிடும். ஆனால் மனச்சோர்வு நோயின் மருத்துவப் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. ஆகவே, மனம் வாடியிருக்கும் ஒரு மூதாட்டி, தமக்கு மனநோய் இருக்கிறதா என்று கேட்பதாக எண்ணி, 'அறவே இல்லை' என்று குறித்துவிடக்கூடும். மனநிலை தாழ்ந்திருப்பதைச் சொல்லும் 'சிங்ஷூ தீலுவோ' என்ற தொடரை வைத்தால் அவரே வேறு விடையைத் தரக்கூடும்.

விடைகளிலும் இதே சிக்கல் உண்டு. ஃபேக்ட்-ஜியின் ஐந்து படிகளில் அடுத்தடுத்து வரும் இரண்டு படிகள் சீனத்தில் 'யோ யிதியன்', 'யோ ஷியே' என்று அமைகின்றன. நம் 'கொஞ்சம்', 'சிறிது' போல இவை ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன.

கேள்வி (செவிலியர்): முதியவர்களுக்கு நாங்களே வாசித்துக் காட்டுகிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: எதிர்மறைக் கேள்விகளில். 'பசியே இல்லையா?' என்று கேட்டால் தமிழில் 'இல்லை' என்பார்கள். பசி இல்லை என்று பொருள். அதையே 'பசியின்மை இருந்ததா?' என்று கேட்டாலும் 'இல்லை' என்ற விடை வரலாம். இப்போது பொருள் நேர்மாறு. 'இல்லை' என்று பொருள்படும் சீனத்தின் 'மேயோ'வும் இதே வேலையைச் செய்கிறது. எனவே ஒற்றைச் சொல் விடையை ஏற்காமல், விடைகள் அனைத்தையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து, விரலால் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் ஒரே தாள் செல்லுமா?

பதில்: செல்லாது. பெய்ஜிங்கில் எளிய எழுத்து. ஹாங்காங்கிலும் தைவானிலும் மரபெழுத்து. எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வழக்குச் சொற்களும் மாறும். ஹாங்காங்கின் பேச்சுமொழியான கான்டனீஸ் பேசுபவர் எழுத்துச் சீனத்தைப் படித்துப் புரிந்துகொள்வார். ஆனால் வாசித்துக் காட்டும்போது செவிலியர் தம் பேச்சுவழக்கில் சொல்ல நேர்வதால், அந்தப் பேச்சுவடிவையும் முன்கூட்டியே எழுதி நிலைப்படுத்த வேண்டும்.

கேள்வி (சமூகப் பணியாளர்): நோயின் பெயரையே குடும்பத்தார் மறைத்து வைத்திருந்தால்?

பதில்: சீனக் குடும்பங்கள் பலவற்றில் இது அன்பின் பெயரால் நடக்கிறது. நல்லவேளையாக, சி30இன் கேள்விகளில் 'புற்றுநோய்' என்ற சொல்லே இல்லை. உடல்நிலை, சிகிச்சை என்றே வரும். ஆனால் ஃபேக்ட்-ஜியில் சாவை எண்ணிக் கவலைப்படுவது பற்றிய வரி ஒன்று உண்டு. அதை உறவினர் சூழ்ந்திருக்கும் கட்டிலருகே சத்தமாக வாசிப்பது கொடுமை. தாளின் தலைப்பையும் ஒப்புதல் படிவத்தையும் மறக்காமல் பாருங்கள். கேள்விகளில் இல்லாத சொல் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்பட்டுவிடும். நோயாளிக்கு எவ்வளவு தெரியும் என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டறிந்து, அதன்பின் நோயாளியைத் தனியாகச் சந்தியுங்கள். மகள் பக்கத்தில் அமர்ந்து விடை சொன்னால், அது மகள் கண்ட தாயின் நிலையாகிவிடும்.

கேள்வி (புள்ளியியல் ஆய்வாளர்): சி30இன் அறிவாற்றல் பகுதியில் குரோன்பாக் ஆல்ஃபா (ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) 0.70ஐ எட்டவில்லை. மொழிபெயர்ப்பு பிழையா?

பதில்: உடனே அப்படி முடிவுசெய்ய வேண்டாம். அப்பகுதியில் கவனம், நினைவு என இரண்டே கேள்விகள். அதனால் வேறு மொழிகளிலும் ஆல்ஃபா தாழ்ந்தே வருவதுண்டு. அந்த இரண்டு கேள்விகளையும் நோயாளிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்ற நேர்காணல் குறிப்புகளை முதலில் எடுத்துப் பாருங்கள்.