லீவ் லெட்டர் ஆங்கிலத்தில் ஒரு காபி

வணக்கம் சார்,

ஊர் ஈரோடு. மான்செஸ்டரில் ஐடி வேலை. ஞாயிறுதோறும் பாட்மின்டன் ஆடும் இடத்தில் ஒரு பெண் பழக்கம், மான்செஸ்டர்க்காரர். அவராகவே நம்பர் கொடுத்தார். காபிக்குக் கூப்பிட இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஹாய் டியர், ஐ வுட் லைக் டு இன்வைட் யூ ஃபார் எ காபி. கைண்ட்லி லெட் மீ நோ யுவர் அவைலபிலிட்டி.’ மூன்று நாளாக அனுப்பவில்லை. என்னவோ இடிக்கிறது. என்ன தப்பு?

ர.

அன்புள்ள ர.,

இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஹெச்.ஆர். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதமே லீவ் லெட்டர்தான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ அப்புறம் வேலைக்கு விண்ணப்பம், அப்புறம் கிளையன்ட் மெயில். அந்த மொழியில் யாரையும் கொஞ்சியதில்லை, யாரோடும் சண்டை போட்டதில்லை. பிடித்த பெண்ணுக்கு எழுத உட்கார்ந்தாலும் கை பழைய தடத்திலேயே போகிறது.

‘கைண்ட்லி’ நமக்குப் பணிவு. அங்கே அது பாக்கி கேட்டு வரும் கடிதத்தின் குரல். ‘டியர்’ கடிதத்தின் தலையில் இருந்தால் மரியாதை. வாட்ஸ்அப்பில் ‘ஹாய் டியர்’ என்று வந்தால், அடுத்த வரியில் பணம் கேட்பானோ என்று தோன்றும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவைலபிலிட்டியும் வேண்டாம், எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள்:

‘ஃபேன்சி எ காபி ஆஃப்டர் தி கேம் ஆன் சண்டே?’

அவ்வளவுதான். ஃபேன்சி ஸ்டோரில் வளையலும் ரிப்பனும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் இங்கே வருவது வேடிக்கைதான். பிரிட்டனில் ‘ஃபேன்சி எ காபி?’ என்றால் காபி சாப்பிடலாமா என்று மட்டும் அர்த்தம். ‘ஐ ஃபேன்சி யூ’ என்றால் உன்மேல் எனக்கு ஒரு ‘இது’ என்று அர்த்தம். அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அனுப்பிவிடாதீர்கள்.

‘ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?’ என்பதிலும் கவனம். நமக்கு அது சாப்பிட்டாச்சா என்ற வெறும் விசாரிப்பு. நான் ஒருமுறை ஓர் ஆங்கிலேய நண்பரிடம் இப்படிக் கேட்டேன், அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பில் நான்தான் கொடுத்தேன்.

பதிலைப் படிப்பதுதான் கஷ்டம். ‘தட் வுட் பி லவ்லி, பட் ஐ ஆம் எ பிட் பிஸி’ என்று வந்து, வேறு நாள் எதையும் அவர் சொல்லவில்லை என்றால் அது மறுப்பு. ‘லவ்லி’யைப் பிடித்துத் தொங்காதீர்கள், மறுபடி கேட்கவும் வேண்டாம். பாட்மின்டன் தொடரட்டும்.

இன்னொன்று, முற்றுப்புள்ளி. ‘யெஸ்’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பும்போது புள்ளி வைக்காதீர்கள். ஒற்றைச் சொல் பதிலில் புள்ளி இருந்தால் மனப்பூர்வமாகச் சொன்னதாகத் தோன்றவில்லை என்று அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015இல் சொன்னது. கையால் எழுதிய துண்டுச் சீட்டில் அந்த வித்தியாசம் தெரியவில்லையாம்.

அவர் பதிலின் கடைசியில் ‘எக்ஸ்’ எழுத்து ஒன்று இருக்கலாம். முத்தம் என்றுதான் பொருள். ஆனால் அங்கே தோழிக்கும் போடுவார்கள், அத்தைக்கும் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஈரோட்டுக்கு போன் போட வேண்டாம்.

அன்புடன்.