அனுபவம் போதாதா? உளவியலில் ஆய்வு முறைகளை ஏன் முதலில் படிக்க வைக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் பி.எஸ்சி. உளவியல் முதலாண்டு. கனவு, ஆளுமை, மனநோய் என்று படிக்கலாம் என ஆசையாக வந்தால், முதல் யூனிட்டிலேயே மாறிகள், கட்டுப்பாட்டுக் குழு, டபுள் பிளைண்ட் என்று அறுக்கிறார்களே, மனிதர்களோடு பழகிய அனுபவம் போதாதா, இதை மனப்பாடம் செய்யாமல் படிக்க வழி உண்டா என்கிறார். நான் உளவியல் படித்துவிட்டு இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதே யூனிட்டை நடத்துகிற ஆள். எல்லா வருடமும் வகுப்பில் யாராவது ஒருவர் இதைக் கேட்பார், கேட்காவிட்டாலும் முகத்தில் எழுதியிருக்கும்.

ஆய்வு முறைகள் எல்லாம் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்க வந்தவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மோசடிக்காரனைப் பிடிக்க போலீஸ் போதும். இந்த யூனிட் நேர்மையானவர்களுக்காக, அதாவது உங்களுக்கும் எனக்கும், எழுதப்பட்டது. இதைச் சொல்ல எனக்குத் தெரிந்து ஒரு குதிரையை விட நல்ல உதாரணம் கிடையாது. பாடப்புத்தகத்தில் அந்தக் குதிரைக்கு நாலு வரிதான் ஒதுக்கியிருப்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1904, பெர்லின். வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர். தன் குதிரை ஹான்ஸுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே கரும்பலகை, எண் அட்டை எல்லாம் வைத்துப் பாடம் எடுத்திருக்கிறார். கூட்டல், பின்னம், இன்றைக்கு என்ன தேதி, எது கேட்டாலும் ஹான்ஸ் வலது முன்காலால் தரையைத் தட்டிப் பதில் சொல்லும். எழுத்து அட்டவணை வைத்து ஜெர்மன் சொற்களைக்கூடத் தட்டிக் காட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அவர் காசு வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

ஊரே பேசியதால் ஒரு குழு போட்டார்கள். பெர்லின் உளவியல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் ஸ்டம்ஃப், விலங்குக் காட்சிசாலை இயக்குநர், சர்க்கஸ் முதலாளி, கால்நடை மருத்துவர், குதிரைப்படை அதிகாரி, பள்ளி ஆசிரியர்கள் என்று மொத்தம் 13 பேர். குதிரையோடு பழகிய அனுபவத்தில் இவர்களை அடித்துக்கொள்ள அன்றைய ஐரோப்பாவிலேயே ஆள் கிடைப்பது கஷ்டம், சர்க்கஸ்காரருக்கு ஏமாற்று வித்தைகள் அத்தனையும் அத்துப்படி. செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள்: இதில் எந்தத் தந்திரமும் இல்லை. ஃபான் ஓஸ்டன் இல்லாதபோது வேறு ஆள் கேட்டாலும் குதிரை பல கேள்விகளுக்குச் சரியாகத்தான் தட்டுகிறது.

கவனித்தீர்களா, அந்த அறிக்கையில் தப்பே இல்லை. உண்மையிலேயே தந்திரம் கிடையாது. அனுபவசாலிகள் தங்களால் எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவையும் கேட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஸ்டம்ஃபின் மாணவர் ஓஸ்கர் ஃபுங்ஸ்ட் வந்தார். அவர் கேட்ட கேள்வி வேறு மாதிரி. கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரியாமல் இருந்தால் என்ன ஆகும்? முற்றத்தில் கூடாரம் போட்டு, கூட்டத்தை வெளியே நிறுத்தி, எண் அட்டைகளை எடுத்துக்கொண்டார். சில முறை அட்டையைப் பிடித்திருப்பவர் எண்ணைப் பார்த்துவிட்டுக் குதிரைக்குக் காட்டுவார், சில முறை தான் பார்க்காமலே காட்டுவார். மற்ற எல்லாம் அப்படியே இருக்கும், அதே குதிரை, அதே அட்டை, அதே இடம். பார்த்துவிட்டுக் காட்டியபோது 98 சதவீதம் சரி. பார்க்காமல் காட்டியபோது 8 சதவீதம்.

உங்கள் புத்தகத்தில் சார்பிலா மாறி, சார்ந்த மாறி என்று வரையறை கொடுத்து உருப்போடச் சொல்கிறார்களே, அது இவ்வளவுதான். விடை தெரியுமா தெரியாதா என்பதை ஃபுங்ஸ்ட் தன் கையால் மாற்றினார், அது சார்பிலா மாறி. எத்தனை விடை சரி என்று எண்ணினார், அது சார்ந்த மாறி. மீதி எதையும் மாறவிடவில்லை, அதற்குப் பெயர் கட்டுப்பாடு.

பிறகு குதிரையின் கண்ணுக்குப் பட்டை கட்டிப் பார்த்தார்கள். கேட்பவரைப் பார்க்க முடியாதபோது விடைகள் கெட்டன, ஹான்ஸும் தலையைத் திருப்பி எப்படியாவது அவரைப் பார்த்துவிடத் திணறியது. (இந்த ஆராய்ச்சியில் ஃபுங்ஸ்ட் கடியும் வாங்கியிருக்கிறார்.) நடந்தது என்னவென்றால், கேள்வி கேட்டதும் கேட்டவர் குதிரையின் காலைக் கவனிக்க லேசாக முன்னால் குனிவார், குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவர் தலை தன்னையறியாமல் மேலே அசையும், கண்ணுக்கே தெரியாத அளவு, குதிரை நிறுத்திவிடும். ஃபான் ஓஸ்டன் அகன்ற விளிம்புத் தொப்பி வேறு போட்டிருந்தார், அது அசைவைப் பெரிதாக்கிக் காட்டியது.

நம் ஊர் பூம்பூம் மாடு ஞாபகம் வருகிறதா? ஒரே வித்தியாசம், சைகை கொடுப்பது பூம்பூம் மாட்டுக்காரருக்குத் தெரியும், ஃபான் ஓஸ்டனுக்குத் தெரியாது.

ஃபுங்ஸ்ட் அதோடு விடவில்லை என்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. தானே குதிரையாகிவிட்டார். ஆய்வகத்தில் 25 பேரை ஒவ்வொருவராக எதிரே நிறுத்தி, ஒரு எண்ணை மனதில் நினைக்கச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையால் தட்டினார். 23 பேரிடம் அந்தத் தலையசைப்பு வந்தது, அவர்களுக்கே தெரியாமல். காரணம் தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைப்பை அடக்க முடியவில்லை. தெரிந்துவிட்டதாலேயே தப்பித்துவிட முடியாது என்பதால்தான், கவனமாக இருங்கள் என்று அறிவுரை சொல்வதோடு நிற்காமல், விடையை ஆய்வாளரிடமிருந்தே மறைத்து வைக்கும் ஏற்பாட்டை உளவியல் பிடித்துக்கொண்டது. டபுள் பிளைண்ட் என்பது அதுதான், யாருக்கு எது போயிருக்கிறது என்று பங்கேற்பவருக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது.

சரி, அது குதிரை, நூறு வருடக் கதை என்பீர்கள். 1963-இல் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்து, சிலருக்கு உன்னுடையது கெட்டிக்கார வம்சம் என்றும் சிலருக்கு மந்த வம்சம் என்றும் சொன்னார்கள். எல்லாம் சாதாரண எலிகள், கண்ணை மூடிக்கொண்டு பிரித்தவை. ஆனால் கெட்டிக்கார எலிகள் என்று சொல்லப்பட்டவை நிஜமாகவே நன்றாகக் கற்றன, அந்த மாணவர்கள் அவற்றை இன்னும் பதமாகக் கையாண்டிருந்தார்கள்.

எலியோடு போனால் பரவாயில்லை. 1990-களில் அமெரிக்காவில், பேச வராத ஆட்டிசக் குழந்தைகளின் கையை உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்தால் அவர்கள் எழுத்துப் பலகையில் வாக்கியம் வாக்கியமாகத் தட்டெழுதுகிறார்கள் என்று ஒரு முறை பரவியது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி சிரக்யூஸ் பல்கலைக்கழகம் வழியாக வந்தது. பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று ஏங்கிக்கிடந்த அம்மா அப்பாவுக்கு, உங்களை எனக்குப் பிடிக்கும் என்று பிள்ளை எழுதினால் எப்படி இருக்கும்? யாருக்குச் சந்தேகப்பட மனசு வரும்? 1993-இல் வெளியான ஒரு சோதனையில் பிள்ளைக்கு ஒரு படம், உதவியாளருக்கு ஒரு படம், ஒருவருக்குக் காட்டியது மற்றவருக்குத் தெரியாதபடி காட்டினார்கள். இரண்டும் வேறாக இருந்தபோது ஒரு முறைகூடப் பிள்ளை பார்த்த படத்தின் பெயர் வரவில்லை, உதவியாளர் பார்த்தது வந்தது. அதற்குள் இப்படித் தட்டெழுதிய வாக்கியங்களை நம்பிப் பெற்றோர்மீதே பாலியல் குற்றச்சாட்டு வந்து, பிள்ளைகளைப் பிரித்த வழக்குகளும் நடந்துவிட்டன. உதவியாளர்கள் யாரும் நடிக்கவில்லை, தாங்கள்தான் எழுதுகிறோம் என்பது அவர்களுக்கே தெரியாது. இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் தீர்மானம் போட்டது. படத்தை மாற்றிக் காட்டும் அந்த எளிய சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். அனுபவம் போதாதா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேயே முடிந்துவிட்டது.

உளவியலாளர்கள் மட்டும் இதில் மாட்டாமல் தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம் 2011-இல் ஆயிரம் பேருக்கு மேல் வைத்து 9 சோதனைகள் நடத்தி, மனிதர்களுக்கு எதிர்காலம் கொஞ்சம் முன்கூட்டியே தெரிகிறது என்று துறையின் பெரிய இதழ் ஒன்றில் எழுதினார். மோசடி இல்லை, எல்லாரும் செய்கிற முறையில்தான் செய்திருந்தார். அதுதான் வயிற்றைக் கலக்கியது, வழக்கமான முறையில் இதையே நிரூபிக்க முடியும் என்றால் வேறு எதைத்தான் நிரூபிக்க முடியாது? வேறு மூவர் செய்து பார்த்தார்கள், வரவில்லை. அதே இதழுக்கு அனுப்பினால், பழையதைத் திரும்பச் செய்த ஆய்வுகளை நாங்கள் போடுவதில்லை என்று திருப்பிவிட்டார்கள். 2015-இல் பெரிய கூட்டணியாகச் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, புள்ளியியல் கணக்கில் தேறியவை 36 சதவீதம்தான். அதன் பிறகே கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் தரவு சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்து வைக்கும் பழக்கம் பிடித்தது. இந்த அசிங்கத்தைத் துறை தானே கணக்கெடுத்து வெளியிட்டது என்பது என் கணக்கில் உளவியலுக்குப் பெருமைதான், பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மனப்பாடம் செய்யாமல் படிக்க வழி: வீட்டில் நம்புகிற ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்கு நீங்களே சோதனை போடுங்கள். வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடும், இது ஒன்றே போதும். தம்பிக்கு ஒரு மாதம் கொடுத்தோம், மார்க் ஏறியது என்றால், அந்த மாதம் அவன் டியூஷன் சேர்ந்தானா, இந்தத் தேர்வு போன தடவையை விட சுலபமா, போன தடவைதான் வழக்கத்துக்கு மாறாகக் கவிழ்ந்திருந்தானா என்று கேளுங்கள். அதனால் சாப்பிடாத ஒரு குழு வேண்டும், அதுதான் கட்டுப்பாட்டுக் குழு. யார் எந்தக் குழு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கே தெரியாமல் படிக்கிற பிள்ளைகளை வல்லாரைப் பக்கம் தள்ளுவீர்கள், அதனால் சீட்டுப் போடுங்கள். கீரையாகக் கொடுத்தால் எதைத் தின்கிறோம் என்று தெரிந்துவிடும், மாத்திரையாகக் கொடுங்கள், மற்ற குழுவுக்கும் அதே நிறத்தில் ஒரு வெறும் மாத்திரை. விடைத்தாள் திருத்துகிறவருக்கு யார் எந்த மாத்திரை என்று தெரியவே கூடாது. எத்தனை மார்க் வித்தியாசம் வந்தால் ஏற்றுக்கொள்வீர்கள் என்பதை ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள், ரிசல்ட் பார்த்த பிறகு எழுதினால் எல்லாமே வெற்றிதான். இதை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தால் முதல் யூனிட்டில் முக்கால்வாசி சொற்கள் தானாக உட்கார்ந்துவிடும்.

மீதிக் கால்வாசி புள்ளியியல். பி-மதிப்பு என்ன என்று இங்கே இரண்டு வரியில் சொல்லப்போனால் கட்டாயம் தப்பாகத்தான் போகும், அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.